ஹோப்புக்கு எதிர்ச்சொல்

ஆங்கிலத்தில் ஹோப் என்பதற்கு எதிர்ச்சொல் டிஸ்பேர் என்கிறார் மகளின் டீச்சர். ஹோப்லெஸ்னஸ் என்று கைடில் இருக்கிறது. எதை எழுதச் சொல்வது?
– வாசகி, விருதுநகர்

டிஸ்பேர் என்றே எழுதச் சொல்லுங்கள். மார்க் போடப்போவது கைடு இல்லையே! லத்தீனில் ஸ்பெராரே என்றால் நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது. அதற்கு முன்னால் 'டே' சேர்ந்து வந்த சொல்தான் டிஸ்பேர். ஆக, பிறக்கும்போதே எதிர்ச்சொல்.

ஹோப்லெஸ்னஸும் தப்பில்லை. ஆனால் ஹோப்லெஸ் என்பதில் கவனம் வேண்டும். 'ஹீ இஸ் ஹோப்லெஸ் அட் மேத்ஸ்' என்றால் பையன் மனமுடைந்து கிடக்கிறான் என்று பொருளில்லை. அவனுக்குக் கணக்கு சுத்தமாக வராது, அவ்வளவுதான்.

டிஸ்பான்டன்சி டிஸ்பேரைவிட ஒரு படி மென்மையானது: மனச்சோர்வு. ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' கதையில் டிஸ்பான்ட் என்பது வழியில் வரும் சேற்றுக்குழி. ஒருவர் கைகொடுத்ததும் கதாநாயகன் ஏறிவிடுகிறான். டிஸ்பேரோ ஆளைப் பிடித்துச் சிறையில் அடைக்கும் அரக்கன்! மகளிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டும் மறக்காது.

பெஸிமிஸம் ஆப்டிமிஸத்துக்கு ஜோடி. அதை இங்கே இழுக்க வேண்டாம். டெஸ்பரேட் என்பதும் ஸ்பெராரே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. டெஸ்பரேட் ஆன ஆசாமி மூலையில் உட்கார மாட்டார், எதற்கும் துணிந்துவிடுவார்.

'ஃபர்லார்ன் ஹோப்' என்று எங்காவது கண்ணில் பட்டால், பலிக்காத ஆசை என்று கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், டச்சு மொழியிலிருந்து வந்த அந்த ஹோப்புக்கு நம்பிக்கையோடு சம்பந்தமே கிடையாது. அங்கே அது படைக்கூட்டம். கோட்டையைத் தாக்க முதலில் அனுப்பப்பட்டு, பெரும்பாலும் திரும்பாமலே போன கூட்டம்.