உயிலும் வாக்குச்சீட்டும்

குடும்பத் தலைவர் ஒருவர் உயில் எழுதி வைத்துவிட்டு மறைகிறார். அந்த உயில் உண்மையானதா என்று ஆராய்ந்து சான்றளிக்க வேண்டும். கடன்களைத் தீர்த்துச் சொத்தைப் பங்கிடுவோரைக் கண்காணிக்க வேண்டும். மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளரை நியமிக்க வேண்டும். இந்தியாவில் இப்பணிகள் முதன்மையாக மாவட்ட நீதிமன்றத்தைச் சார்ந்தவை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அவ்வாறே வகுத்தன. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடும்ப நீதிமன்றம் அமைந்த இடங்களில், மைனரின் காப்புரிமை பற்றிய வழக்குகள் அங்கே செல்கின்றன. மாவட்ட நீதிபதியை, அரசியலமைப்பின் 233ஆவது பிரிவின்படி, உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். ஐக்கிய அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களிலோ, இதே பணியைச் செய்யும் நீதிபதியை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. மிசிசிப்பி மாநிலம் 1832இல் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. நியூயார்க் 1846இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. பதவிகள் ஆட்சியாளரின் வேண்டியவர்களுக்கே போகின்றன என்ற மனக்குறை அன்று வலுவாக இருந்தது; வாக்குரிமை அதற்கு மருந்தாகும் என நம்பினர்.

இன்றைய அமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அலபாமாவின் 67 கவுண்டிகளிலும் இந்நீதிபதி ஆறாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பத்திரங்களைப் பதிவு செய்வது, தேர்தல் ஏற்பாடுகளைக் கவனிப்பது முதலியனவும் அவர் தலையில்தான். நம் நாட்டில் சார்பதிவாளரும் தேர்தல் அலுவலரும் நீதிபதியும் செய்வதை ஒருவரே செய்வதாகக் கொள்ளலாம். பெரும்பாலான கவுண்டிகளில் அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கனெக்டிகட் மாநிலம் வேறு பாடம் கற்றது. அங்குச் சிற்றூர்கள் பலவற்றுக்குத் தனித்தனி நீதிமன்றம் இருந்து, நிதி நெருக்கடி முற்றியது. 117 நீதிமன்றங்கள் 2011இல் 54 ஆகக் குறைக்கப்பட்டன. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுவோர் வழக்குரைஞராக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தல் மட்டும் மாறவில்லை.

தேர்தல் முறையின் உண்மையான சிக்கல் கல்வித் தகுதியன்று, நியமன அதிகாரமே. தன் நலனைத் தானே காக்க இயலாதவர் சார்பில் வாதிட இந்நீதிபதி வழக்குரைஞர்களை நியமிக்கிறார். அவர்களின் கட்டணம் பெரும்பாலும் அந்தச் சொத்திலிருந்தே கொடுக்கப்படுகிறது. நியூயார்க் நகரில் இந்நியமனங்கள் கட்சிக்காரர்களுக்கு வழங்கும் பரிசாகிவிட்டன என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. 1966இல் செனட்டர் ராபர்ட் கென்னடி, மன்ஹாட்டனில் இப்பதவிக்குத் தம் கட்சித் தலைவர்கள் நிறுத்தியவரை எதிர்த்து சாமுவேல் சில்வர்மன் என்பாரை ஆதரித்தார், சில்வர்மன் வென்றார். கட்சிப் பிடியைத் தேர்தலாலேயே தளர்த்தலாம் என்பதற்கு அது சான்று. ஆனால், ஒரு கென்னடி வந்து நின்றால்தான் வாக்காளர் இப்பதவியைக் கவனிப்பார்கள் என்பதற்கும் அதுவே சான்று.

பொருளியல் நோக்கில் இதன் காரணம் எளிது. சாதாரணக் குடும்பத்துக்கு வாழ்நாளில் ஓரிரு முறையே இந்த நீதிமன்றத்தில் வேலை இருக்கும். வேட்பாளரை விசாரித்தறிய அதற்குத் தூண்டுதல் இல்லை. நாள்தோறும் அங்கே தொழில் நடத்தும் வழக்குரைஞர்களுக்கு அத்தூண்டுதல் மிகுதி. ஆகவே தேர்தல் நிதியும் அவர்களிடமிருந்தே வரக்கூடும். நீதிபதிப் பதவிக்குப் போட்டியிடுவோர் தாமே நேரில் நன்கொடை கேட்பதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அத்தடை எல்லா மாநிலங்களிலும் இல்லை. இன்னொன்றும் உண்டு: இங்கே பாதுகாப்பு வேண்டி நிற்போரில் குழந்தைக்கு வாக்கில்லை, இறந்தவருக்கோ குரலே இல்லை.

தேர்தலால் அமையும் சிற்றூர் நீதிமன்றம் இந்தியாவுக்குப் புதிதன்று. பீகாரில் 2006ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, கிராம கச்சேரியின் சர்பஞ்சை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர்; சட்டம் பயின்ற நியாய மித்ரா அவருக்குத் துணை நிற்கிறார். ஆயினும் எல்லை கவனமாகவே வகுக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், உயிலின்படி வரும் பங்கு பற்றிய வழக்கையும், மைனர், மனநலம் குன்றியோர் தொடர்பான வழக்கையும் நியாயப் பஞ்சாயத்து ஏற்கக் கூடாதென விலக்கியிருந்தது. அமெரிக்கா எவற்றைத் தேர்தல் நீதிபதியிடம் ஒப்படைத்ததோ, அவற்றையே இந்தியச் சட்டமியற்றியோர் அவரிடமிருந்து விலக்கி வைத்தனர். 2008ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டமும் நியமனத்தையே தேர்ந்தது. உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு நியாயாதிகாரியை அமர்த்துகிறது.

இந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் அதற்கும் விலை உண்டு. அலபாமாவில் கணவனை இழந்த பெண் தன் கவுண்டித் தலைநகரின் அலுவலகத்துக்குப் போனால், பத்திரப் பதிவும் உயில் மனுவும் ஒரே கூரையின்கீழ் முடியும். இந்தியச் சிற்றூர்ப் பெண், பிள்ளையின் பங்கு நிலத்தை விற்க அனுமதி கேட்க வேண்டுமானால், மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டும். தவணை தள்ளிப்போனால் அன்றைய கூலியும் போகும். நியமன முறையைக் கைவிடாமலே, சார்பு நீதிமன்றங்களுக்கு இவ்வதிகாரத்தை மேலும் பரவலாக வழங்கவும், வட்டத் தலைநகர்களில் அமர்வுகள் நடத்தவும் இடமுண்டு. காப்பாளர் சட்டத்திலும் வாரிசுரிமைச் சட்டத்திலும் கீழ்நிலை நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளிக்கும் வழி முன்பே இருக்கிறது. அதை எவ்வளவு தூரம் பயன்படுத்துவது என்பது மாநில அரசுகளையும் உயர் நீதிமன்றங்களையும் பொறுத்தது.