சொல்லாமையும் குற்றமே

குழந்தையொன்று பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், துறையூரைப் போன்ற நம் ஊர்களில் பெரியவர்கள் கூடி, "வெளியே தெரியாமல் முடித்துக்கொள்வோம்" என்பதுண்டு. குடும்ப மானத்தைக் காப்பதாகவே அவர்கள் கருதுகின்றனர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயின் சட்டம் இதனை ஏற்பதில்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வன்புணர்ச்சியைப் பெண்ணுக்கு நேர்வதாக மட்டுமே வரையறுத்தது. நம் நாளிதழ்களில் நெடுங்காலம் வழங்கிய 'கற்பழிப்பு' என்னும் சொல்லும் அத்தகையதே. கொடியவன் செய்த செயலுக்கு, அழிந்தது இவளது கற்பு என்று பெயரிட்ட சொல் அது! சிறுவனுக்கு நேர்ந்ததை எச்சொல்லால் உரைப்பது? 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரையும் 'குழந்தை' என்ற ஒரே சொல்லில் அடக்கிற்று.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு நம்மனோர் அனைவரும் அறியத்தக்கது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். தவறின் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. தம் கீழ்ப் பணிபுரிவோரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நாளை ஆசிரியராகப் போகும் நம் மாணவர்கள் இதனை மனங்கொள்ளல் நன்று. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர இயலாது.

சமரசம் செல்லுமா? ராஜஸ்தானில் மாணவியிடம் தகாது நடந்ததாக ஆசிரியர் ஒருவர் மீது 2022இல் வழக்குப் பதிவாயிற்று. மாணவியின் தந்தை சமரசமானதால் உயர்நீதிமன்றம் வழக்கை நீக்கியது. குடும்பத்தைச் சாராத இருவர் மேல்முறையீடு செய்ய, 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. இது சமூகத்திற்கு எதிரான குற்றம், தனியார் இருவர் பேசித் தீர்க்கத்தக்கதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். ஊர்ப் பஞ்சாயத்தாயினும் ஜமாஅத்தாயினும் இதுவே நிலை.

காவல் நிலையம் என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. எனினும், குழந்தையின் வாக்குமூலம் அதன் வீட்டிலேயே பெறப்படலாம். பெறும் அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்தல் ஆகாது. பெயரையோ படத்தையோ இதழ்கள் வெளியிடலாகாது. திருச்சிராப்பள்ளியில் வழக்கு நடக்கும்போதும், சாட்சி கூறும் குழந்தையின் கண்ணில் குற்றஞ்சாட்டப்பட்டவர் படாதவாறு நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் யாரிடம் சொல்வதென்று திகைப்போர் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.