படித்தது புரிந்ததா?

இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடத்தைத் தடையின்றி உரக்கப் படித்துவிட்டால் நாம் மகிழ்ந்துபோகிறோம். புத்தகத்தை மூடிவிட்டு, "குருவி ஏன் கூட்டை விட்டுப் போயிற்று?" என்று கேட்டால் அவன் விழிக்கக் கூடும். எழுத்தை ஒலிப்பது வேறு, பொருளை அறிவது வேறு. இவன் வளர்ந்து, பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள எச்சரிக்கையைப் படித்து அதன்படி நடக்க வேண்டிய நாளில் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

தமிழ்க் குழந்தைக்கு இதில் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டில் 'வந்தாங்க' என்று கேட்டுப் பழகிய செவிக்குப் புத்தகத்தின் 'வந்தார்கள்' சற்றே அயலானது. ஆகவே, படித்த கதையை வீட்டுப் பேச்சிலேயே திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். கொச்சை என்று தடுத்தல் தகாது. தன் சொந்தப் பேச்சில் சொல்ல இயன்றால்தான் கதை அவனுக்கு விளங்கியது என்று கொள்ளலாம்.

இனி விளையாட்டுக்களைக் காண்போம். "மூன்று கூழாங்கற்களை எடுத்து வந்து சன்னலருகே வை" என்பது போன்ற கட்டளைகளைச் சீட்டுக்களில் எழுதுக. குழந்தை வாய் திறவாமல் படித்து, அவ்வாறே செய்ய வேண்டும். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை மற்றவர்கள் ஊகித்துச் சொல்ல வேண்டும். நான்கு கல் வந்தால் வகுப்பே கூவிவிடும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை.

நாற்றுவிடுதல், நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வாக்கியத்துக்கு ஒரு சீட்டாக எழுதிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லலாம். உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதில் வாதாடுவார்கள். வாதாடட்டும், சீட்டை மீண்டும் மீண்டும் படிக்காமல் வாதாட முடியாது.

பொருந்தாத வாக்கியங்களும் நல்ல சோதனை. "பசு மரத்தின்மேல் ஏறிக் கன்றுக்குப் பால் கொடுத்தது" என்பதைப் படித்துச் சிரிக்கும் குழந்தைக்குப் பொருள் விளங்கிவிட்டது. சிரிக்காத குழந்தையின் அருகில் ஆசிரியர் சற்று நேரம் அமர வேண்டும். கதையைப் பாதியில் நிறுத்தி, மேலே என்ன நடக்கும் என்று கேட்பதும், குழந்தைகளே விடுகதை எழுதிப் பரிமாறிக்கொள்வதும் இவ்வகையினவே.

1 முதல் 3ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து, ஆடல் பாடலோடு கற்பிக்க வழி செய்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமளித்துள்ளது. அக்குழுவிலுள்ள பஞ்சாயத்து உறுப்பினர் பள்ளிக்குச் செல்லும்போது, "படித்துக் காட்டு" என்பதோடு நில்லாமல், "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்றும் கேட்பாராக. சீட்டுக்களுக்குப் பெருஞ்செலவு இல்லை. பழைய மாதக் காலண்டர்த் தாள்களின் வெற்றுப் புறமே போதும். ஊரில் வீட்டுக்கொன்றாகக் கேட்டால் ஆண்டு முழுமைக்கும் கிடைத்துவிடும்.