எர்லி டிசிஷன்: வெளிநாட்டுப் பொறியியல் மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்க இளநிலைப் படிப்புகளுக்கான எர்லி டிசிஷன் என்பது, ஒரே ஒரு கல்லூரிக்கு நவம்பர் 1 அளவில் விண்ணப்பித்து, டிசம்பர் நடுவில் இடம் கிடைத்தால் பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேயே சேர்வதாக மாணவரும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் கையெழுத்திட்டு உறுதியளிக்கும் முறையாகும். பல கல்லூரிகளின் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அந்தக் கையெழுத்து பறித்துவிடுவதால், தேர்வைக் கல்லூரியின் பெயரிலிருந்து தொடங்காமல் குடும்பத்தின் பணநிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், குடும்பத்தால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுதி, கட்டணம் ஆண்டுதோறும் ஏறும் என்பதையும் கணக்கில் கொண்டு, நான்காண்டுத் தொகையாக்கிக் கொள்ள வேண்டும். உதவி தேவைப்படுவோர், பணத்தேவையைப் பாராமல் வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நீட்-பிளைண்ட்’ கொள்கையுடைய டார்ட்மத், பிரவுன் போன்றவற்றை முதலில் ஆராய்வது நல்லது. கார்னல் போன்றவை உதவி கேட்பதையும் சேர்க்கை முடிவில் எடைபோடுபவை. கார்னகி மெலன் வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு நிதியுதவியே வழங்குவதில்லை என்பதால், முழுச் செலவையும் தாங்கக்கூடியோருக்கே அது பொருந்தும். சேர்க்கையின்போது உதவி கேட்காதவர் பின்னர் கேட்கப் பல கல்லூரிகள் இடமளிப்பதில்லை. ஆகவே ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று குறித்துவிடுவது ஆபத்தானது. கேட்டும் உதவி போதாமற்போனால் மட்டுமே ஒப்பந்தத்திலிருந்து விடுபடப் பொதுவாக வழியுண்டு.

அடுத்து, விரும்பும் துறைக்குள் நுழையும் வழியை ஆராய வேண்டும். கார்னலில் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்துச் சேர்ந்தபின், குறித்த பாடங்களில் தகுதி பெற்றே துறை உறுதியாகும். கார்னகி மெலனில் கணினி அறிவியல் தனிப் பள்ளியாக இயங்குவதால், பொறியியலில் சேர்ந்து பின்னர் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று நம்பி விண்ணப்பிக்கலாகாது. டார்ட்மத்திலோ இளங்கலைப் பட்டம் ஒன்று; பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சான்றளிக்கும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பி.இ. பட்டம் மற்றொன்று. பின்னதற்குக் கூடுதல் பருவங்கள் தேவைப்படலாம் என்பதால், அதன் செலவையும் முன் எழுதிய தொகையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

எர்லி டிசிஷனில் சேர்க்கை விகிதம் கூடுதலாகத் தெரிவதற்கு, விளையாட்டுக்காக முன்பே தெரிவு செய்யப்பட்டோர் அந்தக் கணக்கில் இருப்பதும் ஒரு காரணம் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு.

எர்லி ஆக்‌ஷன் என்னும் கட்டாயமற்ற முறையில் எம்.ஐ.டி.க்கும், எர்லி டிசிஷன் கல்லூரியின் விதி அனுமதித்தால், கூடவே விண்ணப்பிக்கலாம். பிரின்ஸ்டனின் முன்விண்ணப்பமோ பிற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதைத் தடுக்கும். டிசம்பரில் இடம் கிடைக்காதவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட் ஆகியவற்றின் எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்றுக்கு ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பிக்கலாம். ஆலோசகர் என்ற பணியிடமே இல்லாத பள்ளிகளில் முதல்வர் போன்றோரே அந்தக் கையெழுத்தை இட வேண்டியிருப்பதால், ஒப்பந்தத்தின் பொருளை ஆகஸ்டிலேயே அவரிடம் விளக்கி, மதிப்பெண் பட்டியலையும் பரிந்துரைக் கடிதத்தையும் அக்டோபருக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும்.