சந்தை நாளில் நீரிழிவாளர் உணவு

நெசவாளிக்கு மூலதனம் எது என வினவினால் தறி என்பர். உழவருக்கு எது என வினவினால் நிலம் என்பர். சற்று ஆழ்ந்து நோக்கின், இருவருக்கும் முதன்மையான மூலதனம் கண்ணும் காலுமே ஆகும். அறுந்த இழையைக் கண்டு முடிபவர் கண்ணால் பிழைக்கிறார். குழித்தறியில் அமர்ந்து மிதிப்பவரும், சேற்றில் இறங்கி நடப்பவரும் காலால் பிழைக்கிறார்கள். நீரிழிவு நோய் கட்டுக்கு அடங்காது போனால் அது தாக்கும் உறுப்புகளுள் இவ்விரண்டும் அடங்கும். கண்ணின் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுறும். பாதத்தில் உணர்ச்சி மங்கி, முள் தைத்ததும் தெரியாமல் புண் பெரிதாகும். தறி பழுதானால் சங்கத்தில் கடன் பெற்றுச் செப்பனிடலாம். கண் பழுதானால் கடன் கொடுத்து மீட்பார் எவருமில்லை.

இந்நோய் எங்கோ சிலருக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்குச் சற்று மேல் இந்நோய் உண்டு என்றும் அவ்வாய்வு கூறிற்று. அஃதாவது, ஏழு பேருக்கு ஒருவர். நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒரு வரிசை நாற்காலியை எண்ணினாலே ஒருவரோ இருவரோ அதில் அகப்படுவர்.

வீட்டில் இருக்கும் நாள்களில் பத்தியம் காப்பவர் பலர். ஆனால் துணி மூட்டையுடன் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கோ, விளைபொருளுடன் மஞ்சள் ஏலத்துக்கோ செல்லும் நாளில் அக்கட்டுப்பாடு தளர்ந்து விடுகிறது. "வெளியே கிடைப்பதைத்தானே உண்ண முடியும்? நமக்கென்று தனியாகச் சமைத்து வைப்பார்களா? சமைத்தாலும் அதற்குரிய விலையை நம்மால் கொடுக்க இயலுமா?" என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் சரியா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பட்டினி பத்தியமாகாது

நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் கூறுவோம். அவர் விடியற்காலையில் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, முதல் பேருந்தில் சேலை மூட்டையுடன் புறப்பட்டார். உண்டால் சர்க்கரை ஏறும், உண்ணாவிடில் ஏறாது, காசும் மிச்சம் என்பது அவர் கணக்கு. பகல் ஒரு மணிக்குத் துணிக்குரிய பணத்தை வாங்கி எண்ணும்போது கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, நோட்டுகளை எண்ண இயலாமல் மயங்கி அமர்ந்துவிட்டார். சுற்றி நின்றோர் அவர் குடித்திருப்பதாக நினைத்தனர். அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் ஒருவர் நிலைமையை உணர்ந்து சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் தெளிவு பிறந்தது. அன்று அவர் மிச்சப்படுத்தியது ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலை. இழக்க இருந்ததோ உயிர்.

ஆகவே, வெளியில் செல்லும் நீரிழிவாளர் செய்யும் பிழைகள் இரண்டு: அகப்பட்டதையெல்லாம் வயிறு நிறைய உண்பது ஒன்று, அஞ்சி உண்ணாதிருப்பது மற்றொன்று. இரண்டும் இன்றி நடுவழி ஒன்று உண்டு.

மாவுச்சத்தின் கணக்கு

உண்ட உணவில் இரத்தச் சர்க்கரையை மிகுதியாக உயர்த்துவது மாவுச்சத்தே. முட்டை, மீன், தயிர், பருப்பு முதலியவற்றில் உள்ள புரதமும் கொழுப்பும் அதனை அவ்வளவு உயர்த்துவதில்லை. நாம் ஓட்டலில் காணும் பொருள்களில் மாவுச்சத்து ஏறத்தாழ எத்துணை என்பதைக் கீழே காண்க. கடைக்குக் கடை அளவு மாறுமாதலால் இவை தோராயமானவை.

இட்லி ஒன்று: 10 முதல் 12 கிராம்
கல்தோசை ஒன்று: 25 முதல் 30 கிராம்
பரோட்டா ஒன்று: 35 முதல் 45 கிராம்
சோறு ஒரு கிண்ணம் (150 கிராம்): 42 கிராம்
இரண்டு கரண்டி சர்க்கரை இட்ட தேநீர்: 13 கிராம்
சர்க்கரை இடாத பால் தேநீர்: 4 கிராம்
கீரை அல்லது கோஸ் பொரியல் (100 கிராம்): 5 முதல் 7 கிராம்
சுண்டல் ஒரு சிறு கிண்ணம் (60 கிராம்): 15 கிராம்
நீர்மோர் ஒரு குவளை: 5 கிராமுக்குள்
அவித்த முட்டை ஒன்று: 1 கிராமுக்குள்

இப்போது இரு அங்கத்தினரின் ஒரு நாள் உணவை ஒப்பிடுவோம். முதலாமவர் காலையில் ஐந்து இட்லியும் சர்க்கரை இட்ட தேநீரும் கொள்கிறார்: 68 கிராம். நண்பகலில் அளவில்லாச் சாப்பாடு. மூன்று கிண்ணம் சோறும் குழம்பு வகைகளும் சேர்ந்து 140 கிராம். மாலையில் மூன்று பரோட்டா: 120 கிராம். ஆக மொத்தம் 328 கிராம்.

இரண்டாமவர் காலையில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சாம்பார், சர்க்கரையற்ற தேநீர் கொள்கிறார்: 35 கிராம். நண்பகலில் ஒரு கிண்ணம் சோறு, இரு பங்கு கூட்டும் பொரியலும், ஒரு துண்டு மீன், மோர்: 62 கிராம். மாலையில் ஒரு கல்தோசையும் இரட்டை முட்டை ஆம்லெட்டும்: 33 கிராம். ஆக மொத்தம் 130 கிராம். ஒரு நாளைக்கு 130 கிராமுக்கு உட்பட்ட உணவையே குறைந்த மாவுச்சத்து உணவு என்று மருத்துவர்கள் பொதுவாகக் கொள்வர்.

செலவு எவ்வளவு? சிறு கடைகளில் ஒரு அவித்த முட்டையின் விலை பெரும்பாலும் இரண்டு இட்லியின் விலையை மிஞ்சுவதில்லை. மூன்று பரோட்டாவின் விலையில் ஒரு கல்தோசையும் ஆம்லெட்டும் ஏறத்தாழ அடங்கிவிடும். நண்பகலில் அளவில்லாச் சாப்பாட்டை விடுத்து அளவுச் சாப்பாட்டைக் கொண்டால் மிஞ்சும் தொகை மீனுக்கு உதவும். பணத்தைக் கூட்ட வேண்டியதில்லை. அதே பணத்தை இலையின் வேறு பக்கத்துக்கு மாற்றினால் போதும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

மலிவு உணவை நாடுவோர் கவனத்துக்கு

மலிவான உணவு பெரும்பாலும் மாவுச்சத்து உணவாகவே இருத்தல் உண்மை. 2013-ஆம் ஆண்டில் சென்னையில் அம்மா உணவகங்கள் தொடங்கப்பட்டபோது இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும், தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. ஏழை எளியோரின் பசியாற்றிய பெருந்தொண்டு அது. எனினும் நீரிழிவுடையோர் இத்தகைய இடங்களில் இட்லியை மட்டும் கொண்டு வயிற்றை நிரப்புதல் ஆகாது. இரண்டு இட்லியை அங்கு வாங்கிக் கொண்டு, வீட்டிலிருந்து கொணர்ந்த முட்டையையோ, அவித்த நிலக்கடலையையோ, பாசிப்பயற்றுச் சுண்டலையோ அதனுடன் உண்ணலாம். புலால் உண்ணாதோருக்கும் இதுவே எளிய வழி. சுண்டலிலும் மாவுச்சத்து உண்டு. ஆயினும் நார்ச்சத்தும் புரதமும் உடன் இருப்பதால் சர்க்கரை மெல்லவே ஏறும். இரவே அவித்து வைத்த கடலை ஒரு கைப்பிடி துணிப்பையில் இருந்தால், பேருந்து தாமதித்தாலும் பசியால் தடுமாற நேராது.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கோ கேழ்வரகுக் களிக்கோ மாறினால் எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் பரவியுள்ளது. இது பிழை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கேழ்வரகில் 67 கிராம். கோதுமை மாவில் 64 கிராம். கம்பில் 62 கிராம். சிறுதானியத்தில் நார்ச்சத்தும் தாதுக்களும் மிகுதி. ஆதலால் அது நன்றே. ஆனால் அளவைக் குறைக்காது தானியத்தை மட்டும் மாற்றினால் பயன் சிறிது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவனவே. கருப்பட்டிக் காப்பி மருந்தன்று.

கடையில் கேட்கும் முறை

நம்மவர் பலர் கடையில் வாய் திறந்து கேட்கக் கூசுகிறார்கள். பணம் கொடுத்து உண்பவர் கேட்பதில் குற்றம் இல்லை.

1. தேநீர்க் கடையில் "வித்தவுட்" என்று சொன்னால் போதும். எல்லாக் கடையிலும் அச்சொல் விளங்கும். தேநீர் ஆற்றுமுன்பே சொல்லல் வேண்டும். சில கடைகளில் குவளையில் சர்க்கரையை முன்னதாகவே இட்டு வைப்பர்.

2. இலையில் அமர்ந்ததும் "சோறு பாதி வையுங்கள், பொரியல் இன்னொரு முறை வையுங்கள்" என்று பரிமாறுவோரிடம் கூறுக. சோறு வைத்த பின் கூறினால் வீணாகும் என்ற எண்ணத்தால் உண்டுவிடுவோம். அளவில்லாச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசை வயிற்றில் ஈடு செய்ய முயல்வது சிக்கனம் ஆகாது.

3. முதலில் காய்கறியும் முட்டையோ மீனோ பருப்போ உண்டு, சோற்றைக் கடைசியில் உண்க. 2015-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலிருந்து வெளியான சிற்றாய்வு ஒன்றில், நீரிழிவுடைய 11 பேர் ஒரே உணவை இரு நாள்களில் வரிசை மாற்றி உண்டனர். காய்கறியும் இறைச்சியும் முதலிலும் ரொட்டி பின்னரும் உண்ட நாளில் சர்க்கரை குறைவாகவே ஏறிற்று. இதற்குச் செலவு ஏதும் இல்லை.

4. கரும்புச் சாறு, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றைத் தவிர்த்து, நீரோ உப்பிட்ட நீர்மோரோ பருகுக.

5. உண்டபின் உடனே பேருந்தில் அமராது, பத்து நிமிடம் கடைவீதியில் நடந்து வருக.

எச்சரிக்கை

இன்சுலின் ஊசி போடுவோரும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தல் ஆபத்து. மருந்தின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். ஆதலின் முன்னதாக மருத்துவரைக் கலந்து கொள்ளல் இன்றியமையாதது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் உண்போரும் சிறுநீரகக் கோளாறு உடையோரும் அவ்வாறே செய்க. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி தோன்றினால் உடனே மூன்று கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுக. பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் பருகுக. தெளிந்தபின் உணவு கொள்க. நினைவிழந்தவர் வாயில் எதனையும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். சிறு பொட்டலம் சர்க்கரையும், தாம் நீரிழிவுடையவர் என எழுதிய சீட்டும் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

தமக்குப் பொருந்தும் உணவு எது என்பதை அறியச் சோதனையே வழி. பெரும்பாலோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 மில்லிகிராமும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழும் இருத்தல் நன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக நீரிழிவு மருந்து இல்லம் தேடி வரலாயிற்று. வரும் ஊழியரிடம் உணவைப் பற்றியும் கேட்டறிக.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் கடைக்காரரிடம் கேட்பது ஒரு குரல். சங்கம் கேட்பது நூறு குரல். அங்கத்தினர் வழக்கமாக உண்ணும் ஓட்டலில், சந்தை நாளன்று அவித்த முட்டையும் சுண்டலும் சர்க்கரையற்ற மோரும் தவறாது வைக்குமாறு சங்கத்தின் பெயரால் கேட்கலாம். வாங்குவோர் உறுதியாக உண்டெனின் கடைக்காரர் மறுக்கமாட்டார். கூலி வழங்கும் நாளில் சங்க வாயிலில் சுண்டலும் மோரும் அடக்க விலைக்கு வழங்கலாம். பொதுக்கூட்டத்தில் இனிப்பும் காரமும் காப்பியும் வழங்கும் வழக்கத்தை மாற்றி, நிலக்கடலையும் சர்க்கரை தனியே வைத்த தேநீரும் வழங்கலாம். நோயுள்ளவர் தம் நோயைக் கூறிக் கூசி நிற்க வேண்டிய நிலை அப்போது நீங்கும்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. நேற்று நீவிர் வெளியில் உண்டவற்றில் மாவுச்சத்து எத்துணை? மேற்கண்ட அட்டவணையைக் கொண்டு கணக்கிடுக.
2. நும் ஊர்க் கடைவீதியில் இரண்டு இட்லியின் விலை என்ன? ஒரு முட்டையின் விலை என்ன? ஒரு கிண்ணச் சுண்டலின் விலை என்ன?
3. சர்க்கரை குறைந்ததன் அறிகுறிகள் யாவை? உடன் இருப்போர் செய்ய வேண்டுவது யாது?
4. நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வழங்கும் சிற்றுண்டியை எங்ஙனம் மாற்றலாம்?

இவ்வினாக்களுக்கு விடை கண்டு, அடுத்த சந்தை நாளில் ஒரு வேளையேனும் நடைமுறையில் செய்து பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.