டிரெய்லர் இழுக்கப் பெட்ரோலா, டீசலா?

சங்கப் பணத்தில் பிக்கப் வண்டி வாங்க முற்படும் அங்கத்தினர்கள், எந்த எரிபொருள் மலிவு என்றே முதலில் வினவுகின்றனர். டிரெய்லரை எத்தனை நாள், எவ்வளவு தூரம் இழுக்கப்போகிறோம் என்பதையே நாம் முதலில் கணக்கிட வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றைச் சுமார் 16-இல் ஒரு பங்காக அழுத்த, அச்சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. குறைந்த வேகச் சுழற்சியிலேயே முறுக்குவிசை மிகுதியாகக் கிடைப்பதால், நாள்தோறும் பாரத்துடன் மேடேறும் வண்டிக்கு அதுவே ஏற்றது.

ஆயினும், 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் 6 விதிப்படி அமைந்த டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரி வடிகட்டி உண்டு. கிடங்குக்கும் கடைத்தெருவுக்கும் 2 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால், அது போதிய சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். செப்பனிடும் செலவோ பெரிது. விற்பவர் இதைத் தாமாகச் சொல்வது அரிது. அத்தகைய ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டியே போதும். வாங்கும் விலையும் பெரும்பாலும் குறைவு.

எஞ்சின் எதுவாயினும், டிரெய்லருக்குத் தனிப் பிரேக் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் பார்த்துவிடுவோம்.