சாரத்தில் நிற்பவருக்கு என்ன காப்பு?

கேள்வி: பூப்பாறையில் வீடு, ஷெட் கட்டித் தரும் சிறு காண்ட்ராக்டர் நான். போடியிலிருந்து கொத்தனார், சித்தாள் என ஏழு பேர் வருகிறார்கள். எல்லாருக்கும் வங்கியில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறேன். சிமென்ட், கம்பி, மிக்ஸர் எல்லாம் ரோட்டோரக் குடோனில் இருக்கின்றன. வேறு என்ன பாலிசி வேண்டும் ஐயா?

பதில்: 20 ரூபாய் போட்டது நல்ல காரியம், நிறுத்தாதீர்கள். ஆனால் அதில் வரும் 2 லட்சம் அந்தக் குடும்பத்துக்கான பணம். உங்கள் பொறுப்பில் ஒரு ரூபாய்கூட அதனால் குறையாது. வேலையில் ஆள் இறந்தாலோ ஊனமானாலோ ஈடு கொடுக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர்தான். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த இந்தப் பொறுப்பு 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது.

கணக்கைப் பாருங்கள். 30 வயதுக் கொத்தனார் சாரம் சரிந்து இறந்தால், மாதக் கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய் வரைதான். அதில் பாதி 7,500. அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும். சிறு காண்ட்ராக்டர் ஒருவர் இதைக் கையிலிருந்து கட்டி மீள முடியுமா?

இதற்கென்றே உள்ளது தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. ஏஜென்ட்டிடம் ‘டபிள்யூ.சி.’ என்றால் புரியும். மொத்தக் கூலியை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். காசு மிச்சமாகும் என்று ஏழு பேரை நான்காக்கி எழுதிவிடாதீர்கள். விபத்தன்று அந்தப் பொய்தான் முதலில் வெளியே வரும். ஜீப்பிலிருந்து இறங்குகிறவர் பெயரைக் காலையிலேயே கூலி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயின்டிங்கை வேறொருவருக்கு உள்காண்ட்ராக்ட் விட்டாலும், அவருடைய ஆளுக்கு அடிபட்டால் உங்களிடமும் ஈடு கேட்கலாம்.

குடோனுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ போதும். ஓரிடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள தொழிலுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாலிசி இது. தீ, வெள்ளம், நிலச்சரிவு மூன்றும் இதில் அடங்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போய் எழுபது உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது. நிலச்சரிவை யாரோ ஒருவருக்கு வருவதென்று நினைக்க முடியாது. ஆனால் மிக்ஸர் சைட்டுக்குப் போய்விட்டால் குடோன் பாலிசி அதன் பின்னாலேயே போகாது. அதற்கும், பாதி எழும்பிய கட்டடத்துக்கும் தனித்தனி பாலிசி உண்டு.

அடுத்த கான்கிரீட் போடுவதற்குள் டபிள்யூ.சி. எடுத்துவிடுங்கள். குடோன் பாலிசியை இடவப்பாதி மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.